வியாசர்பாடிப் பையன்களுக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2014 முதல் ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து அணி ஆடும் ஆட்டங்களை நேரு ஸ்டேடியத்தில் பார்த்து வருகிறேன். 2015 இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் கோவாவிடம் தோற்றுவிட்டோம் என்று நினைத்த நேரத்தில், கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து கோப்பை நம் கைக்கு வந்தது. 2018 மார்ச்சில் நடந்த இறுதி ஆட்டத்தில் பெங்களூரை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வென்றோம். மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களும் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஆனால் எனக்கு அதைவிடப் பெருமை, அந்த அணியில் வடசென்னை வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஆடியது. எங்கள் பகுதியில் இன்றும் விடிகாலையில் மண் தரையில் பயிற்சி நடக்கிறது. ஒரு ஜோடி பூட்ஸை இரண்டு பையன்கள் மாற்றி மாற்றிப் போட்டு ஆடுவதைப் போன வாரம்கூடப் பார்த்தேன். கிளப் ஆட்கள் அங்கே அடிக்கடி வந்து நிற்க வேண்டும். வெளிநாட்டு வீரர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடுக்களத்தில் நம் பையன் ஒருவனாவது இருக்கட்டும்.

கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரின் பட்டத்தையே வென்றது. சரி, இன்று அந்த அணி எங்கே? கோப்பை வென்ற அணியே சில வருடங்களில் களத்தைவிட்டுப் போனால் எந்தப் பெற்றோர் பிள்ளையைக் கால்பந்துக்கு நம்பி அனுப்புவார்? கால்பந்துக் கூட்டமைப்பு முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

- ஒரு ரசிகர், பெரம்பூர், சென்னை