தங்கைக்கு நீ எடுத்துச் சொல்ல வேண்டியது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆனால் பழைய வேலைக்கு இனித் திரும்ப முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதையும் எழுதியிருந்தாய். சேமிப்பு கரைந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் படிக்கிறார்கள், தங்கையின் பகுதிநேர வேலையில் வருவது வாடகைக்கே சரியாகப் போய்விடுகிறது. இந்த நிலையிலும், அரசாங்க உதவிக்கு எழுதிப் போடு என்று நீ சொன்னால் "நான் யாரிடமும் கை நீட்ட மாட்டேன்" என்கிறாளாம். அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த மாதிரி விண்ணப்பங்களோடுதான் நான் மல்லாடினேன். மனதில் இருப்பதையெல்லாம் எழுதிவிடுகிறேன், கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

முதலில் அவளுடைய வெட்கத்தைப் பற்றி. அவளைக் குறை சொல்லாதே. அந்த வெட்கத்தை ஆட்சியில் இருந்தவர்கள் ஒரு காலத்தில் திட்டம் போட்டே வளர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1601லேயே ஏழைகளுக்கு உதவச் சட்டம் வந்துவிட்டது. 1834ல் அதைத் திருத்தியபோது, உடம்பில் தெம்பிருப்பவருக்கு உதவி வேண்டுமானால், ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் பணியில்லத்துக்குள் வந்து தங்கட்டும் என்று முடிவு செய்தார்கள். உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைக்கிறவனின் நிலையைவிட உள்ளே இருப்பவனின் நிலை மோசமாகவே இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே எழுதி வைத்திருந்தார்கள். வேறு போக்கே இல்லாதவர்கள் மட்டும் வரட்டும் என்பது அதன் நோக்கம். 1908ல் அதே நாட்டில் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் தரச் சட்டம் வந்தது. தபால் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம், எவ்வளவோ கௌரவமான ஏற்பாடு. ஆனாலும் உழைக்கும் பழக்கம் இல்லாதவராக வாழ்ந்தவருக்குக் கிடையாது என்று அதிலும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்க வருகிறவனை முதலில் சந்தேகப்படு என்கிற அந்த மனப்பாங்கு நூறு வருஷம் தாண்டியும் பல நாடுகளின் விண்ணப்பப் படிவங்களில் அப்படியே தங்கியிருக்கிறது. அந்தக் கேள்விகளைப் படித்தால் யாருக்குமே கூச்சம் வரத்தான் செய்யும்.

அவளிடம் இதைக் கேட்டுப் பார்: மாப்பிள்ளை இத்தனை வருஷம் வேலை செய்தபோது வரி கட்டவில்லையா? கடையில் வாங்குகிற ஒவ்வொரு பொருளிலும் இவள் வரி கட்டவில்லையா? வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைக்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தபோது அவள் கட்டியது வேறொரு குடும்பத்துக்குப் போயிருக்கும். அதற்காக அந்தக் குடும்பத்தை அவள் ஏளனமாக நினைத்தாளா என்ன?

அடுத்தது, நீ எழுதியதிலிருந்து இன்னும் யாரும் கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிற ஒரு விஷயம். அரசாங்க உதவி என்றால் எல்லாமே ஏழை என்று நிரூபித்து வாங்குவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான நாடுகளில் இரண்டு வழிகள் உண்டு. வேலையில் இருக்கும்போது சம்பளத்தில் பிடித்தம் செய்து, நோய், விபத்து, ஊனம், முதுமை வந்தால் திருப்பித் தருவது ஒரு வழி. ஜெர்மனியில் பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில் 1883ல் நோய்க்கும், 1884ல் வேலையிடத்து விபத்துக்கும், 1889ல் முதுமைக்கும் ஊனத்துக்கும் காப்பீடு கொண்டுவந்தார்கள். பிறகு பல நாடுகள் அந்தப் பாதையில் போயின. இதில் கட்டியவருக்கு உரிமை உண்டு, வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று துருவும் கேள்வி பொதுவாக வராது. இன்னொரு வழிதான் வருமானத்தைப் பார்த்துத் தருவது. மாப்பிள்ளை வருஷக்கணக்கில் சம்பளக்காரராக இருந்தவர். முதல் வழியில் அவருக்கு ஏதாவது வர வேண்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டுகளில் என்னென்ன பிடித்தம் என்று பாருங்கள், பழைய முதலாளியிடமும் கேளுங்கள். இதற்கெல்லாம் பெரும்பாலும் காலக்கெடு உண்டு. தள்ளிப்போடாதே.

அது போதாவிட்டாலும், கிடைக்காவிட்டாலும் இரண்டாவது வழி. இங்கே நான் திரும்பத் திரும்பப் பார்த்தது, தகுதி உள்ளவர்களே தங்களுக்குத் தகுதி இல்லை என்று முடிவு கட்டிவிட்டு விண்ணப்பிக்காமல் இருப்பது. எனக்குத்தான் ஒரு வேலை இருக்கிறதே, கொஞ்சம் சேமிப்பு இருக்கிறதே, வீடு இருக்கிறதே என்று அவர்களாகவே விலகிக்கொள்வார்கள். ஆனால் வருமானத்தைக் கணக்கிடும் முறை நாம் வீட்டில் போடும் கணக்கு மாதிரி இருப்பதில்லை. பிடித்தம் போகக் கையில் வருவதா, மொத்தச் சம்பளமா? கடந்த மாதத்துடையதா, வருஷம் முழுவதற்குமா? வாடகையையும் மருத்துவச் செலவையும் கழிக்கலாமா? குடும்பம் என்று யார் யாரைச் சேர்ப்பார்கள்? இது நாட்டுக்கு நாடு மாறும், ஒரே நாட்டில் திட்டத்துக்குத் திட்டமும் மாறும். ஒன்றில் இல்லை என்றால் இன்னொன்றிலும் இல்லை என்று அர்த்தமாகாது. அதனால் அவளாகக் கூட்டிக் கழித்துப் பார்த்து விட்டுவிட வேண்டாம். விண்ணப்பிக்கட்டும், தகுதி இல்லை என்றால் அவர்கள் சொல்லட்டும்.

வறுமைக் கோடு என்கிறார்களே, அமெரிக்காவில் அது எப்படி வந்தது என்று தெரிந்தால் நீயே ஆச்சரியப்படுவாய். அங்கே சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி 1960களின் தொடக்கத்தில் போட்ட கணக்கு அது. 1955ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், குடும்பங்கள் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவழிப்பதாகத் தெரிந்தது. அதனால் மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி, குடும்பத்தின் அளவுக்கேற்ப ஒரு தொகையைச் சொன்னார். விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு, அடிப்படையில் அதே கணக்கைத்தான் அந்த நாட்டில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். இதற்கிடையில் வாடகையும் மருத்துவமும் எங்கேயோ போய்விட்டன. அந்தக் கோட்டுக்கு இரண்டு காசு மேலே இருக்கிற குடும்பத்துக்குக் கஷ்டம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

தங்கைக்கு இன்னொரு பயமும் இருப்பதாக எழுதியிருந்தாய். உதவி வாங்க ஆரம்பித்த பிறகு கூடுதல் நேரம் வேலை கிடைத்தால் எல்லாம் நின்றுபோகுமோ என்று. நியாயமான பயம்தான். சில திட்டங்களில் வருமானம் வரம்பைத் தொட்டதும் மொத்தமும் ஒரே அடியாக நின்றுவிடும், சம்பளம் கொஞ்சம் கூடிய குடும்பம் முன்பைவிடக் குறைவோடு நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் சில திட்டங்களில் உதவியைச் சிறுகச் சிறுகக் குறைக்கிறார்கள். அமெரிக்காவில் 1975ல் வந்த, உழைக்கும் ஏழைகளுக்கான வரிச்சலுகை அந்த வகை. சம்பாதித்தால்தான் அதுவே வரும், சம்பளம் ஒரு அளவைத் தாண்டிய பிறகு படிப்படியாகக் குறையும். அவள் விண்ணப்பிக்கும் திட்டம் எந்த வகை என்பதைக் கூடுதல் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடட்டும். வருமானம் மாறினால் உடனே தெரிவித்துவிடுவதும் முக்கியம். அதிகமாக வந்துவிட்ட பணத்தைப் பின்னாளில் திருப்பிக் கட்டச் சொல்லும்போது குடும்பங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம், தாள்கள். கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துத் தேதி எழுதி ஒரே உறையில் வைக்கச் சொல். ஏதாவது ஒரு சான்று இன்னும் கைக்கு வரவில்லை என்பதற்காக விண்ணப்பத்தையே தள்ளிப்போட வேண்டாம். பல இடங்களில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் உதவியைக் கணக்கிடுகிறார்கள், விடுபட்ட தாளைப் பிறகு கொடுக்க வழி உண்டு. மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், முறையீடு செய்யக் கடைசி நாள் எது என்றும் அதிலேயே பார்க்க வேண்டும். மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் அவமானப்பட்டு மடித்து வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எத்தனையோ மறுப்புக்குக் காரணம் ஒரு விடுபட்ட கையெழுத்தோ, பெயரில் ஓர் எழுத்து மாறியதோ, அவ்வளவுதான். கிடைத்த பிறகும் புதுப்பிக்கும் தேதியை மறக்கக் கூடாது. தகுதி இருந்தும் அந்த ஒரு தாளை அனுப்பாததால் உதவி நின்றுபோன குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

இந்த இடத்தில் என் கோபத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நிரூபிக்கும் பாரம் முழுவதையும் இருப்பவர்களிலேயே பலம் குறைந்தவர் தலையில் ஏற்றுகிறோம். ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார். உதவி வாங்கியவரின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக் கணினி ஒரு கணக்குப் போட்டது. சில மாதம் வேலை, சில மாதம் வேலையில்லாமை என்று வாழ்கிறவருக்கு அந்தச் சராசரி எப்படிப் பொருந்தும்? ஆனாலும் நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று கடிதங்கள் போயின. இல்லை என்றால் பல வருஷத்துப் பழைய சம்பளச் சீட்டைக் காட்டி நீங்களே நிரூபியுங்கள் என்றார்கள். கடைசியில் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஆனது, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2023ல் விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் வந்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்புக்கான உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெற்றோர்மேல் பழி விழுந்தது. சின்னச் சின்னத் தாள் பிழைக்காக மொத்தத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். அந்த விவகாரத்துக்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. அரசு மாறலாம், இடையில் வீட்டை இழந்தவர்களுக்கும் பிரிந்துபோன குடும்பங்களுக்கும் யார் பதில் சொல்வது?

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதுதான் எனக்குத் தெம்பு. பெல்ஜியத்தில் 1990லேயே சமூகப் பாதுகாப்பு அலுவலகங்களுக்கு நடுவே தகவலைப் பரிமாற ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். ஒரு துறைக்குத் தெரிந்ததை மக்களிடம் மறுபடி கேட்காமல் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். சில சலுகைகள் விண்ணப்பிக்காமலே வந்து சேர்கின்றன. 2020ல் பெருந்தொற்றின்போது டோகோ என்ற சின்ன ஆப்பிரிக்க நாடு வாக்காளர் பட்டியலை வைத்து, கைப்பேசி வழியாகவே மக்களைப் பதிவு செய்யச் சொல்லி, அதிலேயே பணத்தையும் அனுப்பியது. மெக்சிகோவில் 1997லும் பிரேசிலில் 2003லும் தொடங்கிய பெரிய திட்டங்களில் பணம் பெரும்பாலும் தாய்மார்கள் கைக்கே போனது, பிள்ளைகளின் படிப்போடும் உடல்நலத்தோடும் அதை இணைத்திருந்தார்கள். இந்த நிபந்தனைகள் தேவைதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, பணம் கையில் வந்தால் பிள்ளையைப் படிக்க வைக்காத தாய் அபூர்வம். ஆனால் தாயின் பெயரில் கொடுத்தது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் தங்கைக்கும் இதையே சொல்வேன். தேர்வு செய்ய வழியிருந்தால் பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும். மாப்பிள்ளை தப்பாக நினைக்கிறவர் இல்லை.

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. வாரத்தில் சில நாள் பொது நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் தங்கள் கதையைச் சொல்லி அழத்தான் வருகிறார்கள். அதைக் கேட்டு முடித்த பிறகு படிவம் சீக்கிரமாகவே நிரம்பிவிடுகிறது. மகளுக்கு வேலை மாற்றலாகியிருக்கிறது, அடுத்த மாதம் புது வீட்டுக்குப் போகிறாள். என் மனைவி உன்னை விசாரித்தாள், உன் மூட்டுவலி எப்படி என்று ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்கச் சொன்னாள்.

தங்கையிடம் முதலில் நீ இதைப் படித்துக் காட்டு, வாதாட வேண்டாம். அவள் சரி என்றால் மாப்பிள்ளையின் கடைசி சம்பளச் சீட்டு, மருத்துவர் கொடுத்த சான்று, வாடகை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் எனக்கு அனுப்பி வை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், அவளையும் பக்கத்தில் இருக்கச் சொல். படிவத்தை மூன்று பேருமாக உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.

அன்புடன்,
முரளி