மாவட்டப் பக்கத்தில் கைவைக்காதீர்கள்

தமிழ் நாளிதழ்களின் உரிமையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அச்சுப் பத்திரிகை அழிகிறதே என்று ஒப்பாரி வைக்க இதை எழுதவில்லை. அந்த ஒப்பாரிக்கு ஆள் நிறைய இருக்கிறது. அவர்களில் பலர் வீட்டில் பேப்பர் நின்று வருஷக்கணக்காகிறது என்பது வேறு விஷயம்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. நாங்கள் கொடுக்கும் விலையில் பேப்பர் அடிக்கும் செலவு தேறாது. விளம்பரம்தான் வண்டியை ஓட்டியது. மணமகன் தேவை, மணமகள் தேவையெல்லாம் மேட்ரிமோனி தளங்களுக்குப் போய்விட்டது. வேலைவாய்ப்பு நௌக்ரிக்கு, பழைய பைக் ஓஎல்எக்ஸுக்கு. இணைய விளம்பரத்தில் பெரும்பங்கை கூகுளும் ஃபேஸ்புக்கும் அள்ளிக்கொள்கின்றன. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்கு 10 சதவீதச் சுங்க வரி போட்டார்கள், மறு வருஷம் 5 ஆக்கினார்கள். அப்புறம் கொரோனா. அது ஓய்வதற்குள் உக்ரைன் போர் வந்து ரஷ்யக் காகிதமும் தட்டுப்பாடு. பக்கங்களைக் குறைத்தீர்கள். சரி, வேறு என்ன செய்வீர்கள்?

எந்தப் பக்கத்தைக் குறைத்தீர்கள் என்பதுதான் என் வழக்கு.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்க்காரன். நான் வாங்கும் நாளிதழில் நெல்லைக்கென்று தனியாக இருந்த பக்கங்கள் முதலில் பாதியாயின. இப்போது தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரியோடு சேர்த்து ஒரே பக்கத்தில் எங்களையும் திணித்துவிட்டார்கள். சினிமாப் பக்கத்துக்கு ஒரு சேதாரமும் இல்லை. அமெரிக்க அதிபர் பேசியது அரைப் பக்கம் வருகிறது. அதையெல்லாம் முந்தின நாள் ராத்திரியே செல்போனில் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போயிருப்பேன். காலையில் காசு கொடுத்து அதையே இன்னொரு தரம் எதற்கு வாங்க வேண்டும்?

செல்போனில் நம்பும்படியாகக் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். மாவட்டப் பக்கத்தின் மூலையில் அணை நீர்மட்டம் என்று ஒரு சின்னக் கட்டம் வரும். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. முழு மட்டம் இவ்வளவு என்பது எங்கள் பக்கம் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெரியவருக்கும் மனப்பாடம். அதற்கு எதிரே நேற்றைய மட்டம், வரத்து, திறப்பு. கார் பருவ நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்பதை அந்தக் கட்டத்தை வைத்துத்தான் பேசுவார்கள். “இன்னும் பத்தடி ஏறட்டும்வே, பார்க்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சு அன்றைக்கு அதோடு முடிந்தது. இப்போது அதே கணக்கு வாட்ஸப்பில் போட்டோவாக வருகிறது. பல நேரம் தேதி இருக்காது. கேட்டால், அனுப்பியவருக்கும் இன்னொருவர் அனுப்பியதாம். கன்னடியன் கால்வாய்க் கடைமடையில் நிற்கிறவன் அதை நம்பி விதைநெல்லை நனைக்க முடியுமா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பொது அறிவிப்பு. பொடி எழுத்தில், சர்வே எண்கள் வரிசையாக அடுக்கி, பார்த்தாலே பக்கத்தைப் புரட்டத் தோன்றும் விளம்பரம். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும்போது, 1956ஆம் வருஷச் சட்டத்தின் 3ஏ பிரிவுப்படி அறிவிக்கையின் சாரத்தை உள்ளூர்ப் பத்திரிகைகள் இரண்டில் போட்டாக வேண்டும்; ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். நிலத்துக்காரர் ஆட்சேபணை சொல்ல அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாள். 2013ஆம் வருஷ நிலம் எடுப்புச் சட்டமும் இரண்டு நாளிதழ் கேட்கிறது, அதில் ஆட்சேபணைக்கு 60 நாள். இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும், எந்த விவசாயி காலையில் எழுந்து அரசாங்க இணையதளத்தைத் திறந்து தன் சர்வே எண்ணைத் தேடுகிறான்?

ஆக, ஊருக்குள் பேப்பர் வருகிறது, அதை நாலு பேர் வாசிக்கிறார்கள், யாராவது ஒருவர் “ஏல, இது உங்க தாத்தா நிலம் மாதிரி இருக்கே” என்று சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சட்டங்கள் நிற்கின்றன. அந்த நம்பிக்கை கரைந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊர் ஏஜென்டுக்கு வரும் கட்டு மெலிந்துவிட்டது. விடிகாலையில் பேப்பர் போட பையன்கள் கிடைப்பதில்லை. டீக்கடைக்காரரும் பேப்பரை நிறுத்திவிட்டார். அறிவிப்பு மட்டும் சட்டப்படி வெளியாகிறது; உங்களுக்கும் அதற்கான காசு வந்துவிடுகிறது. சேதி சேர வேண்டியவனுக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பது யார் வேலை? காசு வாங்கியவர் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பத்திரிகை சாவது செல்போன் வந்தபிறகு தொடங்கிய கதையும் இல்லை. 1882இல் ஜி. சுப்பிரமணிய அய்யர் தொடங்கிய சுதேசமித்திரன், பாரதி வேலை பார்த்த பத்திரிகை, இன்றைக்கு நூலகத்தில்தான் இருக்கிறது. 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி ஊர் ஊராகப் பரவியது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கும் புரிகிற தமிழ், பக்கத்து ஊர்ச் சேதி. அந்தப் பெயரைத்தான் அது சம்பாதித்தது. உங்கள் தொழிலின் பாடம் உங்கள் தொழிலுக்குள்ளேயே கிடக்கும்போது வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைத்து “இளைஞர்களைக் கவருவது எப்படி” என்று கூட்டம் போடுகிறீர்கள்.

அச்சை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நாள் வந்தால் நிறுத்துங்கள், நான் தடுக்கவில்லை. இணையத்துக்கே முழுசாகப் போனாலும் தாலுகா வாரியாக ஒரு பக்கம் வையுங்கள். அணை மட்டம், மின்தடை, கொள்முதல் நிலையம், பொது அறிவிப்பு, எல்லாம் தேதியோடு. சர்வே எண்ணைப் போட்டுத் தேடினால் அறிவிப்பு வந்து நிற்கட்டும். அச்சில் தப்பு வந்தால் மறுநாள் ‘திருத்தம்’ என்று போடும் மரியாதை உங்களிடம் இருந்தது. இணையத்தில் காலையில் ஒரு தலைப்பு, மத்தியானம் ஒரு தலைப்பு, சாயங்காலம் செய்தியையே காணோம். அந்த மரியாதையையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். இதற்குக் காசு கேட்டால் கொடுக்கிறேன். முழுப்பக்க நகை விளம்பரம் நாலு தாண்டி முதல் செய்தியைத் தேடுவதற்குக் கொடுத்த காசைவிட மனசாரக் கொடுப்பேன்.

கடைசியாக, எங்கள் ஊர்ப் பகுதிநேர நிருபர்களைப் பற்றி. பலருக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது. அடையாள அட்டை ஒன்று, வெளியான செய்திக்கு ஏதோ கொஞ்சம், விளம்பரம் பிடித்தால் கமிஷன். தீபாவளி வந்தால் சிறப்புப் பக்கத்துக்கு இவ்வளவு பிடித்துக் கொடு என்று இலக்கு வேறு. அவர் யாரிடம் போவார்? ரோடு காண்ட்ராக்டரிடமும் ஊராட்சித் தலைவரிடமும்தான். வாழ்த்து விளம்பரம் வாங்கிய கையோடு, அதே காண்ட்ராக்டர் போட்ட ரோடு மூன்றே மாதத்தில் பெயர்ந்துவிட்டது என்று எப்படி எழுதுவார்? எழுதினாலும் நீங்கள் போடுவீர்களா? பக்கத்தை மிச்சப்படுத்தி வந்த பணத்தில் தாலுகாவுக்கு ஒருவருக்காவது மாதச் சம்பளம் கொடுங்கள். விளம்பரம் பிடிக்க வேறு ஆள் போடுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரை வாசகன் ஒருவன்