மூன்றாவது ஆளை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த செயற்கை நுண்ணறிவு வரலாற்றுக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 1956 கோடையில் டார்ட்மவுத் கல்லூரியில் கூடியபோதுதான் அந்தப் பெயரே பிறந்தது என்று எழுதியிருப்பது சரியில்லை. அதற்கு முந்தைய வருடமே, மெக்கார்த்தி, மின்ஸ்கி முதலான நான்கு ஆய்வாளர்கள் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் பணம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. அது போகட்டும். என் வருத்தம் வேறு.

அந்தக் கூட்டத்துக்கு ஆலன் நியூவெல்லும் ஹெர்பர்ட் சைமனும் கொண்டுவந்த, தர்க்கத் தேற்றங்களைத் தானே நிரூபிக்கும் 'லாஜிக் தியரிஸ்ட்' புரோகிராம் பற்றி இரண்டு பத்தி எழுதியவர், கிளிஃப் ஷா என்ற பெயரை ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜானியாக் கணினியில் அதை ஓட வைத்தவரே அவர்தான்!

கணினியில் ஏறுவதற்கு முன்பே, 1956 ஜனவரியில், சைமன் தன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் சில மாணவர்களையும் கூட்டி உட்கார வைத்து, ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, புரோகிராமின் ஒவ்வொரு பகுதியாகவும் அவர்களையே நடிக்க வைத்துப் பார்த்தார். அழகான காட்சி, யாருக்கும் பிடிக்கும், உங்கள் கட்டுரையாளரும் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் அட்டையில் இருப்பதை இயந்திரத்துக்குள் இறக்குவது லேசுப்பட்ட வேலையா? ஒரு நிரூபணத்துக்கு எவ்வளவு நினைவகம் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாது, இருக்கிற இடமோ கொஞ்சம். அதனால் தகவலின் ஒவ்வொரு துண்டோடும் அடுத்த துண்டு எங்கே கிடக்கிறது என்பதையும் எழுதி வைத்தார்கள். நம் பத்திரிகைகளில் 'தொடர்ச்சி 46-ஆம் பக்கம்' என்று போடுவீர்களே, கிட்டத்தட்ட அதுதான். அப்படி வந்தது ஐ.பி.எல். என்ற கணினி மொழி, பின்னால் மெக்கார்த்தி உருவாக்கிய லிஸ்ப் மொழிக்கு முன்னோடி. நானும் முப்பது வருடம் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன், இந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும்.

கடைசியில் ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய 'பிரின்கிப்பியா மேத்தமேட்டிகா' என்ற கணிதத் தர்க்க நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களில் 38-ஐ அந்தப் புரோகிராம் நிரூபித்தது. அதில் ஒன்றின் நிரூபணம் புத்தகத்தில் இருப்பதைவிட நேர்த்தியாக அமைந்துவிட, புரோகிராமையே இணை ஆசிரியராகப் போட்டு ஒரு கட்டுரை அனுப்பினார்கள், தர்க்கவியல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. இயந்திரத்தின் பெயரைக்கூடப் போட நினைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

1975-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது நியூவெல்லுக்கும் சைமனுக்கும் போனது. ஷாவுக்கு இல்லை. அந்த விருதின் பாராட்டுரையிலாவது அவர் பெயர் இருக்கிறது. அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் நீங்களும் ஒரு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரோகிராமர் ஒருவர்,
திருச்சி