செயலாளர் ஆண்டறிக்கை: சிபான் கல்லறைகளோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் வரலாற்று வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். பெருவின் வடகடற்கரையில், இன்காக்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வாழ்ந்த மோச்சே மக்களைத் தேர்ந்தெடுத்தோம். மாதக் கூட்டம் ஒன்றுகூட விடுபடவில்லை.

முதல் மூன்று கூட்டங்களும் மோச்சே பிரபுக்களின் கல்லறைகள் கிடைத்த சிபான் என்ற ஊருக்கே போயின. 1987 பிப்ரவரியில், லம்பாயெக்கே பள்ளத்தாக்கில், சிபானை ஒட்டிய உவாக்கா ரஹாதா என்ற மண்செங்கல் மேட்டில் திருடர்கள் கன்னம் வைத்து ஒரு கல்லறையைக் காலி செய்தார்கள். காவல்துறை கைப்பற்றிய பொருட்களைப் பார்க்க அழைக்கப்பட்டவர், அப்போது புரூனிங் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த வால்டர் ஆல்வா. பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. ஊர்க்காரர்களின் கோபத்துக்கு நடுவே, ஆயுதக் காவலோடு அங்கேயே தங்கித் தோண்டத் தொடங்கினார். முதலில் கிடைத்தவை 1,137 மண்கலங்கள். அப்புறம் பாதங்கள் இல்லாத ஒரு காவல் வீரனின் எலும்புக்கூடு. அவனுக்கும் கீழே, செம்புப் பட்டைகளால் பிணைத்த மரப்பெட்டி. அதற்குள் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் யார் கையும் படாமல் கிடந்தவரைத்தான் இன்று சிபான் பிரபு என்கிறோம். பெண்கள், ஆண்கள், ஒரு குழந்தை, நாய், லாமாக்கள் என்று அவரோடு புதைக்கப்பட்டவையும் உண்டு.

அவர் கழுத்து மாலையை நாம் யாரும் மறக்கமாட்டோம். வேர்க்கடலை வடிவில் 10 தங்க மணிகள் வலப்புறம், 10 வெள்ளி மணிகள் இடப்புறம். அன்று மூத்த உறுப்பினர் ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பிடி கடலை கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஓட்டின் நடு இடுக்கு, மேலே ஓடும் வலைக்கோடு எல்லாம் அப்படியே இருந்தன. தட்டானுக்குத் தெரியாத கடலை அல்ல அது. தென் அமெரிக்காதானே அதன் தாய்நிலம். நம் வடமாவட்டங்களில் மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்கிறோமே, அந்தப் பெயரிலேயே அது கடல் கடந்து வந்த கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நகைத் தொழிலில் இருக்கும் நம் உறுப்பினர் முலாம் பூசுவது பற்றித் தனியே பேசினார். மின்சாரம் இல்லாத காலத்தில், தங்கத்தை உப்புக் கரைசலில் கரைத்துச் செம்பின் மேல் மெல்லிய படலமாக ஏற்றியிருக்க முடியும் என்பதை ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள் என்றார். அந்தப் பேச்சு இன்னும் ஒரு மணி நேரம் நீண்டிருக்கலாம்.

"யார் எடுத்தால் என்ன, தங்கம் தங்கம்தானே?" என்று ஒரு இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. கிறிஸ்டோபர் டோனன் என்ற அறிஞர் மோச்சே பானை ஓவியங்களில் ஒரு பலிச் சடங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து வந்தார். கைதிகளின் ரத்தம் நிறைந்த கோப்பையை வாங்கும் தலைவனின் கோலமும் சிபான் பிரபுவின் அணிகலன்களும் ஒத்துப்போயின. ஓவியத்தில் இருந்தது வெறும் கற்பனை இல்லை என்று தெரிந்தது. எது தலையில் இருந்தது, எது இடுப்பில் இருந்தது என்று தூரிகையால் மண் தள்ளிப் பார்த்ததால்தான் இது தெரிந்தது. மாறாக, சிபானில் திருடியதாகக் கருதப்படும் தங்கப் பின்தட்டு (இடுப்புக்குப் பின்னால் தொங்கவிடும் அணி) ஒன்று 1997-ல் பிலடெல்பியாவில் பிடிபட்டு, மறு ஆண்டு பெருவுக்குத் திரும்பியது. அதை அணிந்தவர் யார், அவர் பக்கத்தில் யார் கிடந்தார்கள் என்று இனி எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

ஆண்டின் கடைசிக் கூட்டம் காவோ சீமாட்டிக்கு. எல் புருஹோ மேட்டில் ரெகுலோ பிராங்கோ குழு கண்டெடுத்து, 2006-ல் அறிவிக்கப்பட்ட இளம்பெண். கைகளில் பாம்பும் சிலந்தியும் பச்சை குத்தியவர். துணிச்சுற்றுகளுக்குள் போர்த் தண்டங்களும் இருந்தன. மோச்சேயை ஆண்களே ஆண்டார்கள் என்று எழுதி வைத்த என் பழைய குறிப்பை அன்றே அடித்தேன்.

சரி, நிர்வாகம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூடம் தந்தவர்களுக்கும், தேநீர்ச் செலவை ஏற்றவர்களுக்கும் நன்றி. வரும் ஆண்டில் உவாக்கா தே லா லூனா என்ற மோச்சே கோயில் மேட்டின் வண்ணச் சுவர்களை எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்