ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு தொடக்கப் பள்ளியில அஞ்சாவது வந்த பிள்ளைங்க கூட ரெண்டாவது பாடத்த எழுத்துக்கூட்டித்தான் படிக்குதுன்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்க. படிச்சப்போ வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அது பொய் இல்ல. என் பையனும் அப்படி ஒரு பள்ளிக்கூடத்துலதான் நாலாவது படிக்கிறான், நான் அங்க பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன். ஆனா கட்டுரை முழுக்க டீச்சருங்க ஒழுங்கா சொல்லித் தர்றதில்லங்கிற மாதிரியே போச்சு, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

எங்க பள்ளிக்கூடத்துல 43 பிள்ளைங்க, அஞ்சு வகுப்பு, டீச்சர் ரெண்டே பேர். அதுல ஒருத்தர் எச்எம். கல்வி உரிமைச் சட்டத்துல போட்டிருக்கிற கணக்குப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் 2 டீச்சர், 61-ல இருந்து 90 வரைக்கும் 3 பேர். தலைய எண்ணிப் பாத்தா இது சரியாத்தான் தெரியும். ஆனா 43 பேரும் ஒரே வகுப்பு இல்லையே சார். ஒண்ணு ரெண்டு மூணு ஒரு ரூம்ல, நாலும் அஞ்சும் இன்னொரு ரூம்ல. எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்கள அவங்கவங்க நிலைக்கு ஏத்த மாதிரி பிரிச்சு சொல்லித் தரணும், அந்தத் திட்டத்த நான் குறையே சொல்ல மாட்டேன், பாட்டும் அட்டையுமா என் பையனுக்கு எழுத்து பிடிபட்டதே அதுலதான். ஆனா அரும்புல இருக்கிற பிள்ளை கையப் பிடிச்சு எழுத வைக்கிற நேரத்துல மலர்ல இருக்கிற பிள்ளைய யார் பாக்குறது?

போன மாசம் ஒருநாள் ஸ்கூலுக்குப் போயிருந்தேன். எச்எம் பிளாக்ல மீட்டிங்னு போயிட்டாங்க, இருந்தது ஒரே ஒரு டீச்சர். ஒண்ணாவது பையன் ஒருத்தன் காலைல சாப்பிட்டத வாந்தி எடுத்துட்டான், டீச்சர் அவன தொட்டிக்கிட்ட கூட்டிப்போய் கழுவி விட்டுட்டு இருக்காங்க, உள்ள அஞ்சாவது படிக்கிற புள்ள ஒண்ணு ரெண்டாவது பிள்ளைங்களுக்கு டிக்டேஷன் போடுது, நாலாவது சும்மா உக்காந்திருக்கு, இதுக்கு நடுவுல டீச்சர் போன் அடிக்குது, ஏதோ விவரத்த உடனே ஏத்தணுமாம். ஈரக்கையோட போன எடுத்து "இதோ ஏத்திடுறேன் சார்"னு சொன்னாங்க. அந்த அம்மா முகத்த நான் இன்னும் மறக்கல. அன்னிக்கு என் பையன் நோட்டுல ஒரே ஒரு வகுத்தல் கணக்குதான் இருந்துச்சு, அதுவும் பாதில நின்னுருச்சு.

இது என்னைக்கோ ஒருநாள் நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. ட்ரெயினிங், மீட்டிங், லீவு, வேற பள்ளிக்கு டெபுடேஷன், வோட்டர் லிஸ்ட் வேலைன்னு வந்துக்கிட்டேதான் இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் 27-ஆவது பிரிவு சென்சஸ், பேரிடர், தேர்தல் இந்த மூணத் தவிர டீச்சர வேற வேலைக்கு அனுப்பக் கூடாதுங்குது. ஆனா போன்ல விவரம் ஏத்துறது, ஆதார் அப்டேட், உதவித்தொகைக்கு பேங்க் அக்கவுண்ட் பாக்கிறதெல்லாம் கல்வி சம்பந்தப்பட்ட வேலைன்னே கணக்காயிடுது, அதனால அதத் தடுக்க வழியே இல்ல.

எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடக் கூடாதுன்னு நம்ம மாநிலம் உறுதியா நிக்குது. நான் அத முழுசா ஆதரிக்கிறேன், பத்து வயசுல ஒரு குழந்தைக்கு நீ தோத்துட்டேன்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது. ஆனா பின்தங்கின பிள்ளை பக்கத்துல உக்காந்து சொல்லித் தர ஒரு ஆள் இருந்தாத்தானே அதுக்கு அர்த்தம் வரும்? 2022-ல கொண்டு வந்த காலை உணவுத் திட்டத்தால பிள்ளைங்க இப்போ பசியில்லாம வர்றாங்க. எங்க ஊர்ல லீவு போடுறதே குறைஞ்சு போச்சு. வந்து உக்காந்த பிள்ளைக்கு டீச்சர் வேணும் சார்.

இன்னொன்னு. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைங்கன்னு பாத்துத்தான் டீச்சர் எண்ணிக்கைய முடிவு பண்றாங்க. டீச்சர் பத்தலன்னு நாலு வீட்ல கடன வாங்கியாவது வேன்ல ஏத்தி பிரைவேட்டுக்கு அனுப்புறாங்க, பிள்ளைங்க குறையுது, பிள்ளைங்க குறைஞ்சா மூணாவது டீச்சர் எப்பவுமே வர மாட்டாங்க. அப்புறம் அங்க மிச்சம் இருக்கிறது எங்கள மாதிரி கூலி வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கதான். பள்ளிக் கல்விக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேந்து பணம் போடுற சமக்ரா சிக்‌ஷாவுல 2024-25க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய தேசிய கல்விக் கொள்கைய நம்ம மாநிலம் ஏத்துக்கலன்னு மத்திய அரசு நிறுத்தி வச்சப்போ, மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கு வர்ற சிறப்பு ஆசிரியர் சம்பளமெல்லாம் அதுலதான் வருதுன்னு எங்களுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. எங்க பள்ளியில பேச்சு சரியா வராத பாப்பா ஒருத்தி இருக்கா, அந்த டீச்சர் வர்ற நாளுக்காக வாசல்லயே நிப்பா. மொழிக் கொள்கையில ரெண்டு அரசாங்கத்துக்கும் ஆயிரம் சண்டை இருக்கட்டும், அந்தப் பாப்பாவோட காச நிறுத்தி வச்சு அந்த சண்டைய போடாதீங்க.

நாங்க கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. அஞ்சு வகுப்பு நடக்கிற எந்தப் பள்ளியா இருந்தாலும், பிள்ளைங்க 20 பேரே இருந்தாலும், மூணு டீச்சர் கட்டாயம் போடணும். டீச்சர் ட்ரெயினிங் போற நாளுக்கு பதிலா அனுப்ப ஒவ்வொரு பிளாக்லயும் நாலஞ்சு பேர் ரெடியா இருக்கணும். விவரம் ஏத்துற வேலைக்கு பக்கத்துப் பள்ளிங்க நாலஞ்சுக்கு சேத்து ஒரு ஆள் போட்டாப் போதும், எங்க ஊர்லயே டிகிரி முடிச்ச பொண்ணுங்க எத்தனையோ பேர் வீட்ல இருக்காங்க. அக்டோபர் 2 கிராம சபையில இத தீர்மானமாவே போட்டு அனுப்பினோம், இன்னும் பதில் வரல.

அடுத்த தடவ அரசுப் பள்ளி பத்தி எழுதுறதுக்கு முன்னாடி உங்க நிருபர் ஒருத்தர ஏதாவது ஒரு ஈராசிரியர் பள்ளிக்கு அனுப்பி வைங்க. விழா நாள்ல வேணாம், சாதாரண செவ்வாய்க்கிழமை, காலைல சாப்பாடு போடுற நேரத்துல இருந்து சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் அந்த டீச்சர் கூடவே இருக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பு மாணவனின் அம்மா,
பெரம்பலூர் மாவட்டம்.