தனக்குத் தானே மன்னிப்பு குடுத்துக்க முடியுமா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

அமெரிக்க ஜனாதிபதி நினைச்சா தன்னோட குற்றத்துக்கு தானே மன்னிப்பு குடுத்துக்கலாம்னு டிவியிலயும் பேப்பர்லயும் ஏதோ முடிஞ்சுபோன விஷயம் மாதிரி சொல்றாங்க, அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது, அதான் எழுதுறேன். எந்த ஜனாதிபதியும் இதுவரைக்கும் அப்படி செஞ்சதில்ல, அதனால எந்த கோர்ட்டும் இதுல தீர்ப்பு சொன்னதும் இல்ல. 2018 ஜூன்ல டிரம்ப் எனக்கு அந்த உரிமை முழுசா இருக்குன்னு ட்விட்டர்ல போட்டாரு, அவர் சொல்லிட்டா சட்டம் ஆயிடுமா?

அவங்க அரசியல் சாசனத்துல இருக்கிறது ஒரு சின்ன வரிதான், மத்திய சட்டப்படியான குற்றங்களுக்கு மன்னிப்பு வழங்கலாம், இம்பீச்மென்ட்டுக்கு (பதவியில இருக்கிறவங்க மேல அவங்க பார்லிமென்ட் குற்றம் சாட்டி விசாரிக்கிறது) மட்டும் அது செல்லாது. மாநில வழக்குக்கும் இது எட்டாது, 2024ல நியூயார்க்ல டிரம்ப் மேல 34 குற்றச்சாட்டு நிரூபணம் ஆச்சே, அதை எந்த ஜனாதிபதியாலயும் மன்னிக்க முடியாது. ஆனா தனக்கே குடுத்துக்கலாமா கூடாதான்னு அந்த வரியில ஒண்ணும் இல்ல.

எதிர்க்கட்சி ஆபீஸ்ல ஆள் புகுந்ததை மூடி மறைச்ச வாட்டர்கேட் விவகாரத்துல அப்போ ஜனாதிபதியா இருந்த நிக்சன் மாட்டியிருந்த நேரம், 1974 ஆகஸ்ட் 5ம் தேதி அவரோட அரசாங்கத்து சட்ட இலாகாவுலயே மேரி லாட்டன்ங்கிற அம்மா ஒரு குறிப்பு எழுதினாங்க, தன் வழக்குல தானே நீதிபதியா யாரும் உக்கார முடியாது, அதனால ஜனாதிபதி தன்னை மன்னிச்சுக்க முடியாதுன்னு. அது தீர்ப்பு இல்ல, அபிப்பிராயம்தான், ஆனா யார் ஆட்சியில எழுதினாங்கன்னு பாருங்க. நாலே நாள்ல நிக்சன் ராஜினாமா பண்ணிட்டாரு. செப்டம்பர் 8ம் தேதி அடுத்து வந்த ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு குடுத்தாரு.

அந்த மன்னிப்பு எனக்கும் பிடிக்கலதான், ஆனா அதுக்கு பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தாரு, ஃபோர்டு அக்டோபர்ல அவங்க பார்லிமென்ட்டான காங்கிரஸோட கமிட்டி முன்னாடி உக்காந்து ஏன் குடுத்தேன்னு விளக்கம் சொன்னாரு, 1976 எலெக்ஷன்ல தோத்தும் போனாரு. லாட்டன் அம்மா குறிப்புலயே ஒரு சந்து இருக்கு, ஜனாதிபதி கொஞ்ச நேரம் பொறுப்ப துணை ஜனாதிபதிகிட்ட குடுத்துட்டா அவர் மன்னிப்பு குடுக்கலாமாம், அது கூட மோசமான வழிதான், இருந்தாலும் கையெழுத்து போட்டவர்னு இன்னொருத்தர் மாட்டுவாரு. தனக்குத் தானே போட்டுக்கிட்டா தப்பு செஞ்சவரும் அவரே, மன்னிச்சவரும் அவரே, நாம யாரைப் போய் கேக்குறது?

இனிமே இந்த செய்தி வந்தா "முடியும்"னு தலைப்பு போடாம, கோர்ட் இன்னும் சொல்லலன்னு ஒரு வரியாவது சேர்த்துப் போடுங்கய்யா.

இப்படிக்கு,
உங்க வாசகன்