முடிந்த விழாவின் படம் மட்டும் போதாது, வரப்போகும் விழாவின் விவரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரத் தொடக்கத்தில் பேப்பரைப் பிரித்தால் சனி ஞாயிறில் நடந்த நிகழ்ச்சிகளின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், பிள்ளைகள் பரதம் ஆடுகிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும், ஊரிலிருந்து வந்து சில வருடங்களே ஆன குடும்பங்கள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இது நம்ம பேட்டையிலதானே நடந்திருக்கு, எப்போ சொன்னாங்க?"

சொன்னார்கள்தான். நானே வட்டார இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியராக இருப்பதால் எப்படிச் சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். தாளில் பாதி இடத்தைச் சிறப்பு விருந்தினரின் படமும் பெயரும் பிடித்துக்கொள்ளும், அடியில் ஆதரவாளர்களின் சின்னங்கள், நடுவே தேதி, நேரம், "சமூக மன்ற முகப்பில் நுழைவுச்சீட்டு கிடைக்கும்". அப்புறம் அதே தாளைப் படம் எடுத்து ஏற்கெனவே வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அவ்வளவுதான் விளம்பரம். யார் வரலாம், டிபெண்டன்ட் பாஸில் (வேலைக்கு வந்தவரின் குடும்பத்தாருக்கான அனுமதி) இருப்பவர் வரலாமா, கைக்குழந்தையோடு வரலாமா, எத்தனை மணிக்கு முடியும், இதில் ஒன்றும் அந்தத் தாளில் இருக்காது. நான் சொல்ல வருவது இதைத்தான். நிகழ்ச்சிகளுக்கு இங்கே குறைவே இல்லை, யாருக்காக என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கம்தான் இல்லை.

உள்ளூரில் பிறந்து வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. 2024 ஜூன் கணக்குப்படி சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 6.04 மில்லியன். அதில் குடிமக்கள் 3.64 மில்லியன், நிரந்தரவாசிகள் 0.54 மில்லியன், மீதி 1.86 மில்லியன் பேர் ஏதோ ஒரு பாஸில் இருப்பவர்கள். பாஸுக்குப் பாஸ் விதி மாறுகிறது. கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இலவசமாகப் போகலாம், மற்றவர்களுக்குக் கட்டணம். நூலகத்துக்குள் யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம், ஆனால் வெளிநாட்டினர் புத்தகம் இரவல் வாங்க வேண்டுமென்றால் பணம் கட்டி உறுப்பினராக வேண்டும். சமூக மன்ற வகுப்பில் உறுப்பினருக்கு ஒரு கட்டணம், மற்றவருக்கு இன்னொரு கட்டணம். இப்படி இடத்துக்கு இடம் மாறும் ஊரில், புதிதாக வந்த ஒருவர் தாளில் எழுதவில்லையென்றால் "நமக்கில்லை போல" என்றுதான் எடுத்துக்கொள்வார். கேட்கலாமே என்பீர்கள். ஒரு சமூக மன்ற முகப்பில் ஒரு தாய் போய்க் கேட்டபோது, அங்கே இருந்தவர் பாஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு யாரிடமோ விசாரித்துச் சொல்வதாகத் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். பதில் வரவில்லை. அந்தம்மா மறுபடி போகவும் இல்லை.

இதில் பயமும் கலந்திருக்கிறது, நாம் அதைக் கவனிப்பதில்லை. வெளிநாட்டினர் இந்நாட்டு அரசியலில் தலையிடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அது சரியும்கூட. ஆனால் அந்த எச்சரிக்கை நீண்டு நீண்டு, மேடையும் ஒலிபெருக்கியும் இருக்கிற எந்த இடத்துக்கும் போகாமல் இருப்பதே நல்லது என்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. சம்பளமில்லாமல் பாயாசம் பரிமாறினால்கூட வேலை செய்ததாக எடுத்துக்கொண்டு பாஸில் கை வைத்துவிடுவார்களோ என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. இதற்கு நானோ என் குழுத் தலைவரோ வாய்க்கு வந்தபடி பதில் சொல்லக்கூடாது. ஏற்பாட்டாளர்கள் மனிதவள அமைச்சிடம் ஒரு தடவை எழுதிக் கேட்டு, வந்த பதிலை அறிவிப்பிலேயே போட்டுவிடலாம். ஒரு மின்னஞ்சலில் முடிகிற காரியம்.

இன்னொன்று சிண்டா. 1991இல் தொடங்கிய அமைப்பு, இந்திய சமூகத்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பங்களின் சிரமத்துக்கும் கைகொடுப்பது. மாதச் சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளிவரை அதற்குப் பிடிக்கப்படுகிறது, எம்பிளாய்மண்ட் பாஸ் என்கிற வேலை அனுமதியில் இருக்கும் இந்தியர்களிடமிருந்தும்தான். சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து "இது என்ன வரியா, காப்புறுதியா" என்று கேட்ட ஐடி தம்பிகள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். பணம் கொடுக்கிறவருக்கு அது எங்கே போகிறது, அதன் எந்தெந்தச் சேவை யாருக்கு, தொண்டூழியராகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால், அவரே சனிக்கிழமை துணைப்பாட வகுப்பில் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்க முன்வரக்கூடும். ஆள் பற்றாக்குறை என்று நாம் புலம்பிக்கொண்டிருக்கும்போது, வாசலிலேயே நிற்கிறார் ஆள்.

குடியுரிமை கிடைக்கப்போகிறவர்களுக்கு 2011இலிருந்து சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இணையத்தில் நாட்டின் வரலாற்றைப் படிக்க வேண்டும், சில இடங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும், கடைசியில் அக்கம்பக்கத்து அடித்தளத் தலைவர்களோடும் (வட்டாரத்தில் மக்கள் பணி செய்யும் தொண்டூழியர்கள்) மற்றப் புதிய குடிமக்களோடும் உட்கார்ந்து பேச வேண்டும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வரும்போது பலர் இங்கே பல வருடம் குடியிருந்து, பிள்ளை தொடக்கப்பள்ளியே முடிக்கப்போகிற நிலையில் இருப்பார்கள். பக்கத்து புளோக்குக்காரரை முதன்முதலாகச் சந்திக்கக் குடிமக்கள் அடையாள அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? நிரந்தரவாசியாக இருக்கும்போதே மகனுக்குத் தேசிய சேவைக் கடிதம் வந்துவிடுகிறது, அண்டை வீட்டார் அறிமுகம் மட்டும் கடைசியில்தான் வருகிறது.

எது சரியாக நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி ஒரு தோட்டம் எங்கள் வட்டாரத்திலும் இருக்கிறது, வேலி போட்டு, சின்னப் பூட்டுப் போட்டு. உள்ளே கறிவேப்பிலை, முருங்கை, பாண்டான், பாகற்கொடி, சீனப் பாட்டிகள் வைத்த கைலான், மலாய்க்காரர் ஒருவர் உயிராகக் கவனிக்கும் சிலிப்பாடி என்கிற சின்ன மிளகாய். மிளகாய்ச் செடிகளில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி பிடித்து, பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று இவர்கள் பேசிக்கொண்டிருந்த சமயம், வேலிக்கு வெளியே குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்ற புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர், சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து இலைக்கு அடிப்பக்கம் தெளிக்கச் சொன்னார். மேல்பக்கம் தெளித்துப் பயனில்லை, பூச்சி அடியில்தான் ஒட்டியிருக்கும் என்று இலையைத் திருப்பியும் காட்டினார். சொன்னதில் பாதி தமிழ், பாதி கை ஜாடை. செடி பிழைத்தது. இப்போது அவருக்கும் ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றும் முறையில் செவ்வாய்க்கிழமை அவருடையது. பாட்டிகள் அவர் பிள்ளைக்கு ஆரஞ்சுப் பழம் கொடுப்பதும் அவர் அவர்களுக்கு முருங்கைக்கீரை உருவிக் கொடுப்பதும் நடக்கிறது, ஆங்கிலம் இரண்டு தரப்புக்கும் அரைகுறைதான்.

அந்தப் பெண்ணை நாங்கள் தீபாவளி விருந்துக்கும் பொங்கல் நிகழ்ச்சிக்கும் அதற்கு முன்பே அழைத்திருந்தோம். வந்தார், பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், போனார். யாரோடும் பேசவில்லை, பேச வாய்ப்பும் இல்லை. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், ஆட வேண்டிய பிள்ளைகள் ஒப்பனையோடு தூங்கி விழும் நிகழ்ச்சிகளில் யார்தான் யாரோடு பேச முடியும்? (இதை எழுதியதற்கு அடுத்த கூட்டத்தில் நான் நிச்சயம் வாங்கிக் கட்டிக்கொள்வேன், பரவாயில்லை.) நாற்காலி போட்டால் வருகிறவர் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார், கையில் ஒரு வேலையைக் கொடுத்தால்தான் நம்மில் ஒருவராகிறார். கோலம் போட ஆள் வேண்டும், ஒலிபெருக்கி பார்க்க ஆள் வேண்டும், தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்க ஆள் வேண்டும். இதையெல்லாம் அறிவிப்பில் ஒரு வரியாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

புதிதாக வந்தவர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. சொந்த ஊருக்கு ஒரு குழு, படித்த கல்லூரிக்கு ஒரு குழு, வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒரு குழு என்று வாட்ஸ்அப்பிலேயே ஒரு ஊர் கட்டிக்கொண்டு, பொங்கலையும் அதற்குள்ளேயே கொண்டாடி முடித்துவிடுகிறார்கள். மூன்றாவது மாடியில் இருக்கிற உள்ளூர்த் தமிழ்க் குடும்பத்தின் பெயர் தெரியாது. பள்ளியில் பெற்றோர் ஆதரவுக் குழுவுக்கு ஆள் கேட்டு வரும் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். அவசர நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் ஓடி உதவுவதற்காகக் குடிமைத் தற்காப்புப் படை 2015இலிருந்து ஒரு செயலி வைத்திருக்கிறது, இரத்த வங்கிக்கு எப்போதும் கொடையாளர் தேவை, இவற்றுக்கெல்லாம் மேடையும் வேண்டாம் பொன்னாடையும் வேண்டாம். "எங்களை யார் கூப்பிட்டாங்க" என்று அவர்களும், "கூப்பிட்டா வரவா போறாங்க" என்று நம்மவர்களும் சொல்லிக்கொண்டே இருந்தால் இன்னும் இருபது வருடம் இப்படியே ஓடிவிடும்.

வேலை அனுமதிச்சீட்டில் வந்த தம்பிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கென்று தங்குவிடுதியிலும் பொழுதுபோக்கு நிலையங்களிலும் தனியாக நிகழ்ச்சிகள் நடக்கின்றன, 2014இலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கவிதைப் போட்டிகூட வந்துவிட்டது. ஆனால் நம் நிகழ்ச்சிகளுக்கு அவர்களை அழைப்பது பந்தல் கட்டவும் நாற்காலி இறக்கவும் மட்டும்தான் என்றால் அது நன்றாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில், தேக்காவில் கூடும் கூட்டத்தில் நல்ல பறையடிக்கிறவர், சிலம்பம் சுற்றுகிறவர், மேடைப் பேச்சில் விளாசுகிறவர் எல்லாம் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை அவர்கள் வரக்கூடிய நேரத்தில் ஒரு நிகழ்ச்சி வைத்து, வரலாம் என்று எழுதிவையுங்கள், அப்புறம் பாருங்கள்.

இப்போது ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள். முடிந்த நிகழ்ச்சியின் படங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை, பிள்ளையின் படம் பேப்பரில் வருவது குடும்பத்துக்கு எவ்வளவு பெருமை என்று தெரியும். அதோடு வாரத்தில் ஒரு நாள், வியாழன் என்றால் நல்லது, வரப்போகும் நிகழ்ச்சிகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். சிறப்பு விருந்தினர் பெயர் வேண்டாம். எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு உண்மையாகவே முடியும், கட்டணம் எவ்வளவு, எந்த பாஸ் உள்ளவர் வரலாம், குழந்தைகளோடு வர வசதி உண்டா, என்ன உதவிக்கு ஆள் தேவை, யாரிடம் பேச வேண்டும் என்பது இருந்தால் போதும். இந்த விவரங்களைத் தராத அமைப்பின் நிகழ்ச்சியை அந்தப் பக்கத்தில் போடாதீர்கள், இரண்டே வாரத்தில் எல்லோரும் ஒழுங்காக அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

2007இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வளர்தமிழ் இயக்கம் நடத்தும் தமிழ்மொழி விழாவை ஒட்டி இதைத் தொடங்கலாம். ஏப்ரலில் ஒரே சனிக்கிழமை மாலையில் இரண்டு மூன்று அரங்குகளில் நிகழ்ச்சி நடக்கும், எங்கே போவது என்று உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பம். பிள்ளைகளுக்கான போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளோ விழா தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, புதிதாக வந்த குடும்பங்களுக்கு அது தெரியவருவது பரிசளிப்புப் படத்தைப் பார்த்துத்தான். அந்தக் கடைசி நாட்களையாவது பிப்ரவரியிலேயே வெளியிட்டால் நிறையப் பிள்ளைகள் மேடையேறுவார்கள்.

எங்கள் குழுவின் அடுத்த நிகழ்ச்சி கோலம் போடக் கற்றுத்தரும் பயிலரங்கு, கீழ்த்தளத்தில் நடக்கிறது. மேலே கேட்ட எல்லா விவரத்தையும் நிரப்பி, எந்த பாஸ் உள்ளவரும் வரலாம் என்று தலைவரிடம் ஒப்புதல் வாங்கி, இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் அனுப்பியிருக்கிறேன். அரிசிமாவு சலிக்க நான்கு பேர் தேவை, அதையும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
செங்காங்